மலையகத்துச் சிறு நகரத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடமாற்றக் கடிதத்தோடு வருகிற ஆசிரியர்கள், தாதியர், வங்கி அலுவலர்கள் ஒரு பக்கம். கொழும்பு வாடகைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துச் சலித்து, மடிக்கணினியோடு மலையேறுகிற இளையவர்கள் இன்னொரு பக்கம். தலைநகரில் கடை வைத்து உழைத்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கு அருகிலுள்ள டவுனில் மீதிக் காலத்தைக் கழிக்கலாம் என்று திரும்புகிறவர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது “அங்கே வாழ்க்கை எப்படி?” என்றுதான். எந்தச் சரிவில், பஜாரிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

என் ஆலோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஜாருக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு முழு ஆண்டு இருந்து பாருங்கள். இரண்டு பருவமழையும் உங்கள் கூரை மேல் ஒருமுறை பெய்யட்டும். அதற்கு முன் காணி வாங்காதீர்கள், கொழும்பு வீட்டை விற்காதீர்கள். கீழே வருவதெல்லாம் அந்த ஓராண்டை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்பது பற்றியது.

முதற்படி: எந்தச் சரிவு என்று தீர்மானியுங்கள்

மலையகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் வானிலையைப் பொறுத்தவரை அது இரண்டு நாடு. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை, வட்டவளை ஆகியவை மேற்குச் சரிவில் இருக்கின்றன. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை ஈரம்தான். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, பதுளை ஆகியவை ஊவாப் பக்கம். அங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நல்ல மழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று, சில பகுதிகளில் தண்ணீர்ப் பஞ்சமும் வரும். ரயிலில் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலோடு வெளியே வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உயரமும் கணக்கில் வரவேண்டும். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர். பகலில் மின்விசிறி கேட்கும். பண்டாரவளையும் ஹட்டனும் 1,200 மீற்றரைத் தாண்டியவை. நுவரெலியா 1,868 மீற்றர். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படிகிற ஊர். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்கள் குளிரைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். குளிருக்கு ஒரு கம்பளியும் சூடான தேநீரும் போதும். பயப்பட வேண்டியது ஈரலிப்புக்கு. மூன்று வாரம் வெயிலே படாத வீட்டில் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும், சான்றிதழ்களின் ஓரம் சுருளும், உடுப்பு காயாமலே நாறும். ஆஸ்துமா உள்ள பிள்ளையோ மூட்டு வலியுள்ள பெற்றோரோ வீட்டில் இருந்தால் மேற்குச் சரிவை விட்டு ஊவாப் பக்கம் பாருங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உடல்நலத்துக்குப் பண்டாரவளை, தமிழ்ச் சூழலுக்கு ஹட்டன் என்று சொல்வேன்.

இரண்டாம் படி: அந்த டவுனில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

சிறு நகரம் என்பதிலும் தரவேறுபாடு உண்டு. ஹட்டனில் ரயில் நிலையம், வங்கிகள், நீதிமன்றம், பெயர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகள் எல்லாம் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. தலவாக்கலை அதைவிடச் சிறியது. அங்கே கிடைக்காததற்கு ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகவேண்டும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை போன்றவை ஒரே தெருவில் அடங்கிவிடும் ஊர்கள். அங்கே வாழ்க்கை மலிவு, மனிதர்கள் நெருக்கம். ஆனால் ஒரு பல் வைத்தியருக்கோ ஒரு நல்ல புத்தகத்துக்கோ பஸ் ஏறத்தான் வேண்டும். பண்டாரவளை மாநகர சபை அந்தஸ்துள்ள ஊர், கடைகளும் தனியார் மருத்துவ நிலையங்களும் அதிகம். ஹப்புத்தளை மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கிறது; இரு பக்கமும் பள்ளத்தாக்கு, பிற்பகலில் கடைத்தெருவுக்குள்ளேயே மூடுபனி நடந்து வரும். அழகுக்குக் குறைவில்லை. வேலைவாய்ப்புக்குத்தான் குறைவு.

எல்லவும் நுவரெலியாவும் தனிக் கணக்கு. உல்லாசப் பயணிகள் கொடுக்கும் விலைக்கு ஏற்ப அங்கே எல்லாம் விலை பேசப்படுகிறது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலம் வந்தால் அறை வாடகை பல மடங்காகும். வீட்டுக்காரருக்கு உங்கள் மாத வாடகை அப்போது சில்லறைக் காசாகத் தெரியும். நிரந்தரமாகக் குடியிருக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

மொழியையும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துக்கொள்ளுங்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியாவில் தமிழை வைத்துக்கொண்டே நாளை ஓட்டலாம். பண்டாரவளை, வெலிமடை, நாவலப்பிட்டி, பதுளையில் சந்தையிலும் பொலிஸ் நிலையத்திலும் சிங்களம் தெரிந்தால் பாதி வேலை குறையும். இரு மொழியிலும் சேவை வழங்கவேண்டிய பிரதேச செயலகங்கள் என்று அறிவிக்கப்பட்டவை பல உண்டு. தமிழில் விண்ணப்பப் படிவம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். ஆனாலும் ‘இன்றைக்கு அந்த அலுவலர் வரவில்லை’ என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள்.

மூன்றாம் படி: வீடு பார்ப்பது

இதற்கு அவசரம் கூடாது. வெயில் நாளில் பார்த்த வீட்டை மழை நாளில் இன்னொரு முறை பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். காட்சி எப்படி என்பதை வீட்டுக்காரர் காட்டுவார். வீட்டின் முதுகுப்பக்கத்தை நீங்களாகப் போய்ப் பார்க்கவேண்டும்.

முதலில் பின்னால் இருக்கும் மேடு. மலையைச் செங்குத்தாக வெட்டி, தடுப்புச் சுவரும் வடிகாலும் இல்லாமல் கட்டிய வீடுகள் இங்கே ஏராளம். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், தானாக இறுகி மூடாமல்போன கதவு, தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குவது, இல்லாத இடத்தில் நீர் கசிவது எல்லாம் மண் நகர்வதன் அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. அது முன்பே எச்சரிக்கப்பட்ட இடம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் ஒரே நேரத்தில் பல இடங்கள் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடு எந்த வலயத்தில் வருகிறது என்று அதன் மாவட்ட அலுவலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ‘டித்வா மழையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ வீட்டை விட்டுப் போய் பாடசாலையில் தங்கினோம் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

அந்த நிறுவனத்தின் எச்சரிக்கைகளைப் புரிந்துவைத்திருப்பதும் அவசியம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனமாக இருக்கவேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 என்றாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். தொலைக்காட்சியில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று சொல்வது இந்தப் படிநிலைகளைத்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய் நகர சபையுடையதா, நீர்வழங்கல் சபையுடையதா, அல்லது மேலே எங்கோ இருக்கும் பீலியிலிருந்து (ஊற்று நீர் விழும் இடம்) இழுத்த தனிக் குழாயா? பீலித் தண்ணீர் குளிர்ச்சியாக, பார்க்கத் தெளிவாக இருக்கும். அதற்கு மேலே தேயிலை மலையோ மரக்கறித் தோட்டமோ லயனோ இருந்தால் உரமும் கழிவும் அதில் கலக்கும் என்பதை மறக்கவேண்டாம், கொதிக்கவைத்தே குடியுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, வரட்சியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தாங்கி எவ்வளவு பெரியது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படிக்கட்டு. இதைப் பலர் வீடு மாறிய அன்றுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். வாசல் வரை முச்சக்கரவண்டி வருமா? வராவிட்டால் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரை யார் தூக்குவது, இரவில் அம்மாவுக்கு முடியாமல் போனால் எப்படிக் கீழே இறக்குவது என்று யோசியுங்கள். இருபத்தைந்து வயதில் அழகாகத் தெரிகிற எழுபது படி, எழுபது வயதில் சிறைக்கதவு.

பிறகு வெயில் எந்த அறைக்கு எத்தனை மணிக்கு வருகிறது, தகரக் கூரைக்குக் கீழே உட்கூரை இருக்கிறதா (இல்லாவிட்டால் மழையில் தொலைபேசியில் பேசவே முடியாது), ஒவ்வொரு அறையிலும் சமிக்ஞை கிடைக்கிறதா. மலை மறைத்தால் ஒரு நிறுவனத்தின் சிம் அட்டை சமையலறையிலும் இன்னொன்று மாடிப்படியிலும் மட்டும் வேலை செய்யும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளோடு போய்ச் சோதியுங்கள். மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுந்து மின்சாரம் மணிக்கணக்கில் போகும். உங்கள் கொழும்பு மேலதிகாரிக்கு அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

நான்காம் படி: ஒப்பந்தமும் பதிவுகளும்

ஆறு மாத வாடகை, ஓராண்டு வாடகை என்று முற்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையின் பேரில் வாய்ப்பேச்சாக முடித்துவிடலாம் என்றும் சொல்வார்கள், பெரும்பாலும் நல்ல மனதோடுதான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். எழுதிக்கொள்ளுங்கள். முற்பணம் திரும்பக் கிடைக்கும் நாளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடிபுகுந்த வாரத்திலேயே கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, அடையாள அட்டை முகவரி மாற்றம் எல்லாம் அவரிடமிருந்தே தொடங்குகின்றன. அவர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார், எந்த நாளில் வெளியே போவார் என்று கேட்டு வைத்தால் வீண் நடை மிச்சம். உங்கள் வீடு எந்த உள்ளூராட்சி சபைக்குள் வருகிறது என்பதையும் உறுதிசெய்யுங்கள். 2018இல் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவான பிறகு பழைய ஆட்கள்கூடச் சில வேளை தவறான அலுவலகத்துக்கு வழி சொல்கிறார்கள்.

ஐந்தாம் படி: கடைசி பஸ் எத்தனை மணிக்கு

டவுனுக்குள் இருக்கச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். காலையில் பஸ் வசதி எல்லா இடத்துக்கும் உண்டு. இருட்டிய பிறகு தோட்டப் பாதைகளில் பஸ் நின்றுவிடும். அதற்கு மேல் முச்சக்கரவண்டி ஹயர்தான். இரண்டு மைல் தள்ளி வாடகை குறைவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள், மிச்சம் பிடித்ததை ஹயர் காசாகக் கொடுத்துக் கழிக்கிறார்கள்.

கொழும்புக்கு ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாக பஸ் போகிறது. இரவு நெடும்பயண பஸ்களை முடிந்தவரை தவிருங்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தது விடியற்காலையில்தான். ரயில் மெதுவானது, ஆனால் வாந்தி வராது. பதுளைப் பாதையின் முன்பதிவு ஆசனங்களை உல்லாசப் பயணிகளோடு போட்டி போட்டுத்தான் பெறவேண்டும். டித்வாவில் மலையகப் பாதை பல இடங்களில் சிதைந்து சேவைகள் நின்றுபோனதையும் நினைவில் வைத்து, எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்த பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

ஹட்டனில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று: டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வெள்ளி இரவும் நீண்ட விடுமுறைகளிலும் டவுன் முழுக்க யாத்திரிகர்கள், நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்கள். ஊர் விழித்தேயிருக்கும், நீங்கள் தூங்க விரும்பினால் பிரதான வீதியிலிருந்து ஒரு தெரு உள்ளே வீடு பாருங்கள்.

ஆறாம் படி: வைத்தியசாலை

சிறு நகர வாழ்க்கையின் மிகப் பலவீனமான இடம் இது. காய்ச்சல், காயம், பிரசவம் வரை சமாளித்துவிடலாம். டிக்கோயாவிலும் தியத்தலாவையிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள். பதுளையில் போதனா வைத்தியசாலை. ஆனால் இதயம், நரம்பு, புற்றுநோய் என்று வந்தால் பதுளையோ கண்டியோ கொழும்போ. ஹட்டனிலிருந்து கண்டிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல், அத்தனையும் வளைவு. விசேட வைத்தியர்கள் தனியார் மருத்துவ நிலையங்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து போவார்கள். அந்த நாட்களை மருந்துக் கடைக்காரர் சரியாகச் சொல்வார். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் எப்போதும் இரண்டு வாரத்துக்குரியதைக் கையிருப்பில் வைத்திருங்கள், பாதை அடைபட்டால் மருந்தும் வராது. 1990 அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது சொல்லவேண்டிய அடையாளத்தை, அதாவது எந்தக் கோயிலுக்குப் பக்கம், எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்பதை, வீட்டில் எல்லோரும் சொல்லப் பழகுங்கள். இங்கே வீட்டு இலக்கத்தை வைத்து யாரும் வழி கண்டுபிடிப்பதில்லை. இதய நோயுள்ள பெரியவர்களோடு வருகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பதுளையையோ கண்டியின் ஓரங்களையோ தேர்ந்தெடுத்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

ஏழாம் படி: பிள்ளைகள்

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி, பதுளை சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகள் மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பிரச்சினை அவற்றில் இடம் பிடிப்பது. தரம் 1 அனுமதிக்கு வதிவிட ஆதாரமும் வாக்காளர் இடாப்பும் பாடசாலைக்குள்ள தூரமும் புள்ளியாகக் கணக்கிடப்படுகின்றன. நேற்று வந்தவருக்குப் புள்ளி குறையும். அரச இடமாற்றத்தில் வருகிறவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை என்றால் பாடசாலையின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் இப்போது தமிழ்மொழி மூல ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று கேளுங்கள். மலையகத்தின் நெடுநாள் குறை அது. பற்றாக்குறையை டியூஷன் வகுப்புகள் ஓரளவு நிரப்புகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கோ இந்த ஊர்கள் பொற்காலம்: நடந்து பாடசாலை போகலாம், வழியில் பார்க்கிறவர் எல்லோருக்கும் அது யாருடைய பிள்ளை என்று தெரியும்.

எட்டாம் படி: கடை, சந்தை, பத்தாம் திகதி

தோட்டங்களில் சம்பளம் கிடைப்பது மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி. டவுனின் நாடித்துடிப்பே அதுதான். அன்றும் அடுத்த ஞாயிறும் வங்கி இயந்திரத்தின் முன் நீண்ட வரிசை, பஸ்ஸில் நிற்க இடமில்லை, மீன் விலை ஏறிவிடும். உங்கள் வேலைகளைச் செவ்வாய், புதனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்னால் தோட்டங்களில் முற்பணம் கொடுத்ததும் துணிக்கடைகளுக்குள் நுழையவே முடியாது.

கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் கண்ணெதிரே விளைகின்றன. ஆகவே மலிவாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எப்போதும் அப்படி இல்லை. நல்ல சரக்கு மொத்த வியாபாரிகளின் லொறியில் கீழே இறங்கிவிடும். விளைகிறவரிடமே வாங்கப் பழகினால்தான் ஆதாயம், சுவையும் வேறு. மீன் கடலிலிருந்து மலையேறி வருவதால் விலையும் கூட, வயதும் கூட.

பலசரக்குக் கடையில் உங்களுக்கென்று ஒரு கடன் கொப்பி திறந்து வைப்பார் முதலாளி. நீங்கள் கேட்காமலே சில நேரம். அது பெரிய மரியாதை. மாத முடிவில் தீர்த்துவிடுங்கள். ஒரு மாதம் இழுத்தால் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் அடுத்த கடைக்குப் போய்ச் சேரும். அறிமுகமான ஒரு மாதத்துக்குள் யாராவது சீட்டுக்குச் சேரச் சொல்வார்கள். ஓராண்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஊர் உங்களைப் பார்க்கும், பார்க்கட்டும்

வந்த முதல் வாரம் எல்லோரும் கேட்பார்கள்: “எந்த ஊர் மாஸ்டர்? யார் வீட்டில் இருக்கிறீர்கள்?” இரண்டாவது கேள்விதான் முக்கியம். வீட்டுக்காரரின் பெயர்தான் உங்களுடைய முதல் அடையாள அட்டை. சிலர் அதோடு நிற்காமல் சாதியைத் தொடும் கேள்விகளுக்கும் மெல்ல வழி பண்ணுவார்கள். பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. பேச்சை மழைக்குத் திருப்புங்கள், மழை எப்போதும் கைகொடுக்கும்.

பெருநகரத்திலிருந்து வந்தவர்களுக்கு மூச்சு முட்டுவது இங்கேதான். நீங்கள் என்ன வாங்கினீர்கள், யார் வீட்டுக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்பதெல்லாம் தெரு அறியும். தனியாக வாடகைக்கு இருக்கும் இளம் ஆசிரியைகளுக்கு இது இரட்டிப்புச் சுமை. ஒரு சக ஊழியர் வீட்டு வாசலில் நின்று பேசினால்கூடக் கதை கிளம்பும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதே ஆசிரியை கடைசி பஸ்ஸுக்கு ஓடி வருவதைக் கண்டால் நடத்துநர் மணியடிக்காமல் காத்திருப்பார். இரண்டு நாள் கடைக்குப் போகாவிட்டால் “டீச்சருக்கு என்ன சுகமில்லையா?” என்று பக்கத்து அக்கா கதவைத் தட்டுவார். கண்காணிப்பு வேண்டாம், அக்கறை மட்டும் போதும் என்று கேட்க முடியாது. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் தருகிறார்கள். இது பொறுக்காது என்று தெரிந்தவர்கள் கண்டியிலோ கொழும்பிலோ இருப்பதே நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில நடைமுறைகள். மரண வீட்டுக்குப் போகாமல் இருக்காதீர்கள். திருமணத்துக்குப் போகாததை மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். கோயில் திருவிழாவுக்குக் காசு கேட்டு வந்தால் உங்களால் முடிந்த தொகையை முதல் ஆண்டிலேயே அளவாகத் தீர்மானியுங்கள், அடுத்த ஆண்டு அதுதான் அடிப்படை. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்கு யாராவது அழைத்தால் கட்டாயம் போங்கள், விடிய விடிய இருங்கள்.

வடக்கு, கிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003 வரை அதன் மிச்சத்தைச் சுமந்த சமூகத்துக்குள் வருகிறீர்கள். தோட்டத்து மக்களைக் குறிக்கும் இளக்காரச் சொற்கள் உங்கள் ஊரில் சாதாரணமாகப் புழங்கியிருக்கலாம். இங்கே அவற்றை விளையாட்டுக்கும் உச்சரிக்காதீர்கள். ஆசிரியராக வருகிறவர் வகுப்பில் ஒருமுறை சொன்னாலும் போதும், அன்று மாலையே அது லயன் வரை போய்விடும்.

தேயிலை மலைக்குள் நடக்கப் போவதானால் தெரிந்த ஒருவரோடு போங்கள். குளவிக்கூடு கலைந்தால் ஓட இடமிருக்காது. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகாத பருவமே இல்லை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்.

பத்தாம் படி: ஓராண்டு முடிந்தபின்

இன்னும் இருக்கத் தோன்றினால் காணி பார்க்கலாம். தேயிலை நிலங்களில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. ஆகவே டவுன் எல்லையில் தோட்டக் காணித்துண்டையோ லயன் அறையையோ ‘பேப்பர் எழுதித் தருகிறேன்’ என்று ஒருவர் விற்கவந்தால், அவர் விற்பது தம்மிடம் இல்லாத ஒன்றை. விலை பாதியாக இருப்பதற்குக் காரணமே அதுதான். உறுதியுள்ள தனியார் காணியாக இருந்தாலும் காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டு வரலாற்றையாவது நொத்தாரிசைக் கொண்டு தேடவையுங்கள். அளவைப் படத்தோடு நேரில் போய் எல்லைக் கற்களைப் பாருங்கள்.

வீடு கட்டுவதற்கு உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதியானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை அறிக்கையும் கேட்பார்கள். முற்பணம் கொடுத்த பிறகு அதற்கு விண்ணப்பிப்பது பலரின் வழக்கம். வரிசையை மாற்றுங்கள். அறிக்கை சாதகமாக வந்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையை விற்பவரோடு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாயையும் கையை விட்டு விடாதீர்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், அவருக்கு அந்த மேட்டைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.